வீட்டுப் பாதுகாப்பு பிஸ்டலுக்கு எக்ஸ்டெண்டட் மேகசின்: வாங்கறதுலேர்ந்து நம்பி லோடு பண்ணி வைக்கிற வரைக்கும்

இது அமெரிக்காவுல சட்டப்படி பிஸ்டல் வச்சிருக்கிற, வீட்டுக்குள்ள பாதுகாப்புக்குன்னு ஒண்ணை ஒதுக்கி வச்சிருக்கிற ஆளுங்களுக்கு. துப்பாக்கி வாங்கலாமா வேணாமாங்கற பேச்சு இங்க இல்ல. கூடுதல் ரவுண்டு (தோட்டா) பிடிக்கிற மேகசினை, அதாவது கைப்பிடிக்குள்ள மாட்டற தோட்டாக் கூட்டை, எப்படி தேர்ந்தெடுக்கறது, எப்படி சோதிக்கறது, எப்போ நம்பறதுங்கறது மட்டும்தான்.

புதுசா வர்றவங்க தடுமாறற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான், வரிசை. முதல்ல ஆர்டர் போட்டுடறாங்க, அப்புறம் ஸ்டேட் சட்டத்தைப் பாக்கறாங்க, அதுக்கப்புறம் லாக் பாக்ஸ் மூட மாட்டேங்குதுன்னு தெரியுது, ரேஞ்ச்ல சோதிக்கிறது கடைசியில, இல்லன்னா நடக்கறதே இல்ல. அதனால கீழ இருக்கிற நம்பர் வரிசையை மாத்தாம போங்க.

1. முதல்ல சட்டம், அப்புறம்தான் கார்ட்

மத்திய அரசு அளவுல இப்போ மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு எதுவும் கிடையாது. 1994லேர்ந்து 2004 வரைக்கும் பத்துக்கு மேல பிடிக்கிற புது மேகசினுக்கு தடை இருந்துச்சு, அது காலாவதியாகிடுச்சு. இப்போ எல்லாமே ஸ்டேட் கையிலதான்.

கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாண்ட், ரோட் ஐலண்ட், வாஷிங்டன், ஹவாய் இங்கல்லாம் பிஸ்டல் மேகசினுக்கு 10தான் கோடு. கொலராடோவுல 15. இல்லினாயும் வெர்மாண்டும் பிஸ்டலுக்கு 15. டெலவேர்ல 17. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, நார்த் கரோலினா, ஒஹாயோ, பென்சில்வேனியா மாதிரி இடங்கள்ல ஸ்டேட் அளவுல வரம்பு இல்ல.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சில ஸ்டேட்ல விக்கறதுதான் தடை, சில ஸ்டேட்ல வச்சிருக்கறதே தடை, ரெண்டுக்கும் தண்டனை வேற வேற. கோர்ட்ல கேஸ் ஓடிக்கிட்டே இருக்கறதால நண்பர் போன வருஷம் சொன்னதை வச்சு முடிவு பண்ணாதீங்க, வாங்கற அன்னிக்கு உங்க ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் இல்லன்னா ஸ்டேட் போலீஸ் தளத்துல பாருங்க. நகரம், கவுண்டி அளவுலயும் தனி விதி இருக்கலாம்.

கொள்ளளவுங்கறது மேகசின்ல எவ்வளவு போட முடியும்ங்கறது, நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்கங்கறது இல்ல. 17 பிடிக்கிறதுல பத்து மட்டும் போட்டு வச்சிருக்கேன்னு நியூஜெர்சில சொன்னா எடுபடாது. அதே மாதிரி 15 ரவுண்டு மேகசினுக்கு கீழ ஒரு பிளஸ் டூ பேஸ்பிளேட் (ரெண்டு ரவுண்டு கூட்டற அடி மூடி) மாட்டினா கொலராடோவுல அது அந்த நிமிஷமே 17 ஆயிடும். சின்ன பிளாஸ்டிக் துண்டுதானேன்னு நினைச்சு மாட்டிட்டுப் போறவங்க உண்டு.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம், இதை ஒருத்தரும் கடையில சொல்றதில்ல. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 மாதிரி நான்-இமிக்ரண்ட் விசாவுல இருந்தா மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே பொதுவா குற்றம். செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் வச்சிருக்கிறது மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை நீங்களா அர்த்தம் பண்ணிக்காதீங்க, ஒரு வக்கீல்கிட்ட கேளுங்க. வீட்ல ஒருத்தருக்கு கிரீன் கார்டு, இன்னொருத்தர் இன்னும் விசாவுலன்னா, விசாவுல இருக்கறவர் லாக் பாக்ஸ் கோடு தெரிஞ்சு வச்சிருக்கறதே சிக்கலாகலாம். இமிக்ரேஷன் ஃபைல்ல இது ஏறினா அப்புறம் மேகசின் எல்லாம் கவலையே இல்ல, ஊருக்கு டிக்கெட் போடற நிலைமை வந்துடும்.

2. எத்தனை ரவுண்டு நிஜமாவே வேணும்னு முடிவு பண்ணுங்க

முப்பத்திமூணு ரவுண்டு மேகசினைப் பார்த்ததும் ஆசை வரும். க்ளாக் கம்பெனியே 9 மி.மீக்கு 24ம் 33ம் விக்குது. ஆனா ஒரு 9 மி.மீ தோட்டா சுமார் 12 கிராம், 33 போட்டா தோட்டா மட்டுமே 400 கிராம் பக்கத்துல வந்துடும், அதுல பாதிக்குப் பக்கம் கைப்பிடிக்கு கீழ தொங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு படுக்கைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருந்து எடுக்கும்போது அந்த நீளம் பெட்ஷீட்ல மாட்டும், டிராயர் விளிம்புல இடிக்கும்.

வீட்டுக்குள்ள உபயோகத்துக்கு எனக்கு சரின்னு படறது, ஃபுல் சைஸ் பிஸ்டலுக்கு 17லேர்ந்து 21 வரைக்கும். சின்ன பிஸ்டல் வச்சிருக்கறவங்களுக்குத்தான் எக்ஸ்டெண்டட் உண்மையிலேயே பிரயோஜனம், ஏன்னா அங்க கூடுதல் ரவுண்டோட சேர்த்து சுண்டுவிரலுக்கு பிடிமானமும் கிடைக்குது. சிக் சாவர் பி365க்கு 10, 12, 15ன்னு கம்பெனியே தருது, அந்த பதினஞ்சு மாட்டினா துப்பாக்கி கையில உக்கார்ற விதமே மாறிடும்.

வீட்டுக்குள்ள யாரும் உதிரி மேகசினை பாக்கெட்ல போட்டுக்கிட்டு தூங்கறதில்ல, துப்பாக்கியில இருக்கறதுதான் உங்ககிட்ட இருக்கறது. அதனாலதான் கொஞ்சம் கூடுதல் இருக்கட்டும்ங்கற வாதத்துல அர்த்தம் இருக்கு. ஆனா அதே காரணத்துக்காக அந்த ஒரே மேகசின் ஜாம் ஆச்சுன்னா மாத்தறதுக்கு ஒண்ணு இல்ல. ரெண்டையும் சேர்த்து யோசிச்சா நம்பகமான 17, சந்தேகமான 33ஐ விட எப்பவுமே மேல.

3. லாக் பாக்ஸை அளந்து பாருங்க

இதை எல்லாரும் விட்டுடறாங்க. படுக்கை பக்கத்துல வைக்கிற பயோமெட்ரிக், கீபேட் பாக்ஸ்ல நிறைய மாடல் ஒரு ஃபுல் சைஸ் பிஸ்டலுக்கு கணக்கா செஞ்சது. க்ளாக் 17 உள்ள வசதியா படுக்கும், அதுலயே 24 ரவுண்டு மாட்டினா பாக்ஸ் முழுசா மூடாது. பிஸ்டல்ல லைட் வேற மாட்டியிருந்தா கேக்கவே வேணாம்.

மூடலன்னா அப்புறம் என்ன நடக்கும்னு தெரியும், "இன்னிக்கு ஒரு நாள் டிராயர்ல இருக்கட்டும்"னு ஆரம்பிச்சு அதுவே பழக்கமாயிடும். வீட்ல குழந்தை இருந்தா, வராதுன்னு சொல்லிக்கிட்டாலும் சொந்தக்காரங்க குழந்தை விடுமுறைக்கு வந்தா, அது நடக்கக் கூடாத விஷயம். பாக்ஸோட உள் அளவை எடுத்து, எக்ஸ்டெண்டட் மேகசின் மாட்டின துப்பாக்கியோட நீளத்தையும் உயரத்தையும் காகிதத்துல வெட்டி உள்ள வச்சுப் பாருங்க. பொருந்தலன்னா சின்ன மேகசின், இல்ல பெரிய பாக்ஸ், மூணாவது வழி கிடையாது.

4. உள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு நிமிஷம் தெரிஞ்சுக்கங்க

மேகசின்ல இருக்கறது அஞ்சாறு பாகம்தான். வெளிக்கூடு, மேல ரெண்டு பக்கமும் தோட்டாவைப் பிடிச்சு வைக்கிற ஃபீட் லிப்ஸ், தோட்டாவுக்கு அடியில உக்கார்ற ஃபாலோயர், அதைத் தள்ளற ஸ்பிரிங், கீழ மூடற பேஸ்பிளேட், அதைப் பூட்டற ஒரு சின்ன தகடு.

சுட்டதும் ஸ்லைடு (துப்பாக்கியோட மேல நகர்ற பாகம்) பின்னாடி போய் திரும்ப முன்னாடி வர்றது வினாடியில நூறுல சில பங்கு நேரம்தான். அந்த இடைவெளிக்குள்ள ஸ்பிரிங் மொத்த தோட்டா வரிசையையும் ஒரு தோட்டா உயரத்துக்கு மேல தூக்கி, முதல் தோட்டாவை சரியான கோணத்துல நிறுத்தியாகணும். வரிசை நீளமானா எடை கூடுது, ஸ்பிரிங்குக்கு வேலை கூடுது. எக்ஸ்டெண்டட் மேகசின் பிரச்சனை எல்லாத்துக்கும் வேர் இங்கதான்.

இதை தெரிஞ்சுக்கிட்டா எங்க சொதப்பும்னு முன்கூட்டியே சொல்லிடலாம். ஃபுல்லா நிரப்பின முதல் ரெண்டு மூணு ரவுண்டுல உரசலும் எடையும் அதிகம், அங்க ஒரு ஆபத்து. கடைசி ரெண்டு மூணு ரவுண்டுல ஸ்பிரிங் கிட்டத்தட்ட முழுசா விரிஞ்சு தள்ளற பலம் குறைஞ்சிருக்கும், அங்க இன்னொரு ஆபத்து. நடுவுல பெரும்பாலும் ஒழுங்காதான் ஓடும். பாதி மட்டும் நிரப்பி ரேஞ்ச்ல சுட்டுட்டு "சூப்பரா இருக்கு"ன்னு சொல்றவங்க சோதிச்சது அந்த நடுப் பகுதியையும் கடைசியையும்தான், முதல் பகுதியைத் தொடவே இல்ல.

5. எதை வாங்கறது

கம்பெனி மேகசின் முதல்ல. உங்க பிஸ்டலை செஞ்ச கம்பெனியே எக்ஸ்டெண்டட் தருதான்னு பாருங்க, தருதுன்னா அங்கயே நிறுத்திக்கங்க. க்ளாக் 19 வச்சிருந்தா அதுக்கு எக்ஸ்டெண்டட் மேகசின்னா க்ளாக் 17ஓட சாதாரண மேகசினே போதும், ரெண்டு ரவுண்டு கூட, கொஞ்சம் கீழ நீட்டிக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 9க்கு 23, சிக் பி320க்கு 21ன்னு கம்பெனியே தர்றாங்க.

அதுக்கடுத்து, மத்த கம்பெனிகளுக்கே மேகசின் செஞ்சு கொடுக்கறவங்க. இத்தாலியில இருக்கிற மெக்-கார் இந்த ரகம், பல பெரிய பிஸ்டல் கம்பெனியோட பெட்டியில வர்ற மேகசின் அவங்க செஞ்சதுதான். பெரட்டா 92, சிக் பி226 வச்சிருக்கறவங்களுக்கு அவங்களோட 18, 20 ரவுண்டு எல்லாம் கம்பெனி மேகசினுக்கு சமானமா எடுத்துக்கலாம். இரும்புக் கூடு, மெல்லிசு, அதனால அதே உயரத்துல கூடுதல் பிடிக்குது.

மூணாவது, பேரு வாங்கின மத்த கம்பெனிங்க. க்ளாக்குக்கு மேக்புல்லோட பி-மேக் 21, 27ன்னு கிடைக்குது. ஒரு வித்தியாசம் கவனிங்க: க்ளாக் மேகசின் பிளாஸ்டிக் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இரும்புத் தகடு இருக்கு, ஃபீட் லிப்ஸும் அந்த இரும்பாலதான். பி-மேக் முழுக்க பாலிமர். பிராக்டிஸுக்கு நல்லா இருக்கும், விலையும் கம்மி, ஆனா வருஷக்கணக்குல ஃபுல்லா லோடு பண்ணி வைக்கிற வேலைக்கு நான் இரும்பு லிப்ஸ் இருக்கறதைத்தான் சொல்லுவேன்.

நாலாவது வழி, இருக்கிற மேகசினுக்கு கீழ எக்ஸ்டென்ஷன் பேஸ்பிளேட் மாட்டறது. க்ளாக்கோட சொந்த பிளஸ் டூ மாதிரி சின்னது பரவாயில்ல. பிளஸ் அஞ்சுன்னு போனா பழைய ஸ்பிரிங்கையே வச்சு ஓட்டாதீங்க, கடைசி ரவுண்டுல அது தள்ள மாட்டாம நிக்கும். அந்த எக்ஸ்டென்ஷனுக்குன்னே வர்ற பலமான ஸ்பிரிங்கோட சேர்த்து வாங்குங்க. போட்டி சுடறவங்க இதை நிறைய பயன்படுத்தறாங்கங்கறது உண்மை, ஆனா அவங்களுக்கு ஜாம் ஆனா போறது ஸ்கோர் மட்டும்தான்.

அஞ்சாவது, பேரே தெரியாத மலிவு மேகசின், டிரம் மேகசின் (வட்டமான பெரிய மேகசின்). விடுங்க. டிரம் வீட்டுப் பாதுகாப்புக்கு எந்த கணக்குலயும் வராது.

வாங்கற இடமும் முக்கியம். க்ளாக் மேகசினுக்கு போலி நிறைய சுத்துது. கம்பெனி 33 ரவுண்டு பெரும்பாலும் 30லேர்ந்து 45 டாலருக்குள்ள கிடைக்கும், யாராவது 12 டாலருக்கு "ஒரிஜினல்"னு கொடுத்தா அது என்னன்னு நீங்களே சொல்லிடலாம். துப்பாக்கி கடை, இல்ல தெரிஞ்ச பெரிய ஆன்லைன் துப்பாக்கி ஸ்டோர், ரெண்டுல ஒண்ணு. பொது மார்க்கெட்பிளேஸ்ல மூணாம் ஆள் விக்கறதை வாங்காதீங்க.

பொருத்தம் பத்தி ஒண்ணு. க்ளாக்ல பழைய ஜெனரேஷன் மேகசினுக்கு பூட்டுக் குழி ஒரு பக்கம்தான் இருக்கும், ஜென் 4லேர்ந்து ரெண்டு பக்கமும் இருக்கும். இடது கைக்காரங்க மேகசினை விடுவிக்கிற ரிலீஸ் பட்டனை வலது பக்கம் மாத்தி வச்சிருந்தா பழைய மேகசின் உள்ள நிக்காது. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க இங்க மாட்டிக்கறாங்க.

எத்தனை வாங்கணும்? ஒரே மாடல்ல மூணு. ஒண்ணு துப்பாக்கிக்கு, ஒண்ணு உதிரி, ஒண்ணு ரேஞ்ச்ல அடி வாங்க.

6. கைக்கு வந்ததும் மேசையில பண்ண வேண்டியது

துப்பாக்கி காலின்னு கண்ணால பாருங்க, விரல் விட்டுப் பாருங்க, உண்மையான தோட்டா அந்த ரூம்லயே இருக்கக் கூடாது. டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) ஒரு பாக்கெட் வாங்கி வச்சுக்கங்க, இந்த வேலைக்கு அது இல்லாம முடியாது.

முதல்ல நம்பர் போடுங்க. பெயிண்ட் மார்க்கர்ல பேஸ்பிளேட்ல 1, 2, 3. அழகுக்கு இல்ல. நம்பர் இல்லன்னா ரேஞ்ச்ல எது ஜாம் ஆச்சுன்னு பத்து நிமிஷத்துல மறந்துடும், மொத்தத்தையும் குப்பையில போடறதா இல்ல மொத்தத்தையும் நம்பறதான்னு முழிப்பீங்க. இந்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுவேன்னா இதைப் பண்ணுங்க.

அப்புறம் ஒவ்வொண்ணையும் திறந்து பாருங்க. பேஸ்பிளேட்டை நகத்தும்போது ஸ்பிரிங் பாஞ்சு வரும், கட்டைவிரலால மூடிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, முகத்தை விலக்கி வச்சு செய்யுங்க. உள்ள பாக்டரி எண்ணெய் வழியுதுன்னா துடைச்சு காய வைங்க. ஸ்பிரிங் எந்த பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கங்க, தலைகீழா மாட்டினா ஃபாலோயர் சாய்ஞ்சு நிக்கும், அதுக்கப்புறம் வர்ற ஜாமுக்கு மேகசினைத் திட்டுவீங்க. லிப்ஸ் விளிம்புல பிசிறு இருக்கா, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா, கூட்டுல விரிசல் இருக்கான்னு பாருங்க.

காலி மேகசினை மாட்டி ரிலீஸ் பட்டனை அமுக்குங்க. தன் எடையிலயே வழுக்கி கீழ விழணும். பிடிச்சு இழுக்க வேண்டியிருந்தா அளவுல ஏதோ இடிக்குது.

காலி மேகசின் மாட்டி ஸ்லைடை முழுசா பின்னாடி இழுங்க, ஸ்லைடு அங்கயே பூட்டிக்கணும். பத்து தடவை பண்ணுங்க. ஒரு தடவை நழுவினாலும் ஃபாலோயரோ ஸ்பிரிங்கோ பலமா மேல வரலைன்னு அர்த்தம்.

அடுத்ததுதான் நிறைய பேர் கேள்விப்படாதது. சின்ன பிஸ்டல்ல நீள மேகசினை, உதாரணமா க்ளாக் 26ல 17ஓட மேகசினை, ஸ்லைடு பின்னாடி பூட்டியிருக்கும்போது வேகமா அறைஞ்சு மாட்டினா அது நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேல ஏறி எஜெக்டர்ல (காலி உறையை வெளிய தட்டிவிடற பாகம்) இடிக்க வாய்ப்பு இருக்கு. கூட்டோட அகலமான அடிப்பகுதி கைப்பிடியில முட்டித்தான் சாதாரணமா நிக்கும், நீள மேகசின்ல அந்த தடுப்பு எங்கயோ கீழ போயிடுது. இதுக்கு இடையில மாட்டற ஸ்லீவ்னு ஒரு வளையம் விக்கறாங்க, மாட்டிக்கங்க. சோதிக்கறேன்னு சொல்லி பலமா அறையாதீங்க, எஜெக்டர் வளைஞ்சா துப்பாக்கியே வேலைக்கு ஆகாது. மெதுவா ஏத்தி எவ்வளவு தூரம் போகுதுன்னு பாருங்க.

கடைசியா டம்மி ரவுண்டு முழுசா நிரப்பி, ஸ்லைடு மூடியிருக்கும்போது மாட்டிப் பாருங்க. மேல் தோட்டா ஸ்லைடோட அடிப்பக்கத்துல அழுந்தும், கொஞ்சம் பலமா தட்டினாத்தான் கிளிக்குன்னு பூட்டும். பூட்டினப்புறம் கீழ இழுத்து உறுதி பண்ணுங்க. எவ்வளவு தட்டினாலும் பூட்டலைன்னா அந்த மேகசினை எப்பவும் ஒரு ரவுண்டு குறைச்சு நிரப்புங்க. பாதி பூட்டின மேகசின் முதல் ரவுண்டுக்கப்புறம் தரையில விழும், புதுசா வர்றவங்க ரேஞ்ச்ல இதைப் பார்த்து திகைச்சு நிக்கறது அடிக்கடி நடக்கும்.

7. ரேஞ்ச்ல: எந்த வரிசையில சுடறது

நிரப்பறதுக்கு லோடர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அப்-லூலா மாதிரி ஒண்ணு இல்லாம 21 ரவுண்டை அஞ்சு தடவை நிரப்பினா கட்டைவிரல் தோல் கழண்டுடும், அப்புறம் கடைசி ரெண்டை விட்டுட்டு "போதும்"னு நிரப்புவீங்க, சோதனை அங்கயே கெட்டுப்போச்சு.

முதல் சுற்று, சாதாரண பிராக்டிஸ் தோட்டா. ஒவ்வொரு மேகசினையும் முழுசா நிரப்பி மூணு தடவை. முழுசான்னா முழுசா.

ரெண்டாவது சுற்று, வீட்ல உண்மையிலேயே வைக்கப் போற ஹாலோ பாயிண்ட் (மூக்குல குழி இருக்கிற) தோட்டா. அதே கம்பெனி, அதே எடை, ஒவ்வொரு மேகசின்லயும் முழுசா ரெண்டு தடவை. ரவுண்டு ஒரு டாலர் பக்கம் வரும்ங்கறதால இங்கதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்றாங்க. ஆனா ஹாலோ பாயிண்ட் மூக்கு தட்டையா, அகலமா இருக்கும், கோணம் கொஞ்சம் இறங்கினாலும் ஃபீட் ராம்ப்ல (தோட்டா குழாய்க்குள்ள ஏறற சரிவு) முட்டி நிக்கும். உருண்டை மூக்கு பிராக்டிஸ் தோட்டா அதே கோணத்துல வழுக்கிக்கிட்டுப் போயிடும். அதனால பிராக்டிஸ் தோட்டா ஓடினதை வச்சு ஹாலோ பாயிண்டும் ஓடும்னு சொல்ல முடியாது. செலவு அதிகமா தெரிஞ்சா மேகசின் எண்ணிக்கையைக் குறைங்க, சோதனையைக் குறைக்காதீங்க.

மூணாவது சுற்று, மோசமான பிடி. வலது கையில மட்டும், இடது கையில மட்டும், ரேஞ்ச் விதி அனுமதிச்சா கொஞ்சம் வேகமா. தூக்கத்துலேர்ந்து எழுந்து இன்னொரு கையில போன் வச்சுக்கிட்டு இருக்கும்போது உங்க பிடி ரேஞ்ச்ல இருக்கற மாதிரி இருக்காது. மணிக்கட்டு தளர்ந்தா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, எடை கூடின மேகசின்ல அது இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

நீள மேகசின்ல கை தானா கீழ இறங்கி மேகசினையே பிடிச்சுக்கும், கவனிங்க. மேகசினை முன்னாடி பின்னாடி அழுத்தினா தோட்டா நிக்கற கோணம் மாறும். மேசையில, பெஞ்ச்ல மேகசின் அடியை ஊன்றி சுடறதும் அதே கதைதான். பிடிக்க வேண்டியது கைப்பிடியை.

கடைசியா விழ வச்சுப் பாக்கறது. பிராக்டிஸ் தோட்டா நிரப்பின மேகசினை, துப்பாக்கிக்கு வெளிய, இடுப்பு உயரத்துலேர்ந்து ரப்பர் மேட்லயோ கெட்டி மண்ணுலயோ ரெண்டு தடவை போடுங்க, ரேஞ்ச்ல கேட்டுட்டு. நீள மேகசின் ஃபுல்லா இருக்கும்போது கனம், பேஸ்பிளேட் தெறிச்சு ஸ்பிரிங்கும் தோட்டாவும் சிதறினா அது எப்படிப்பட்ட பேஸ்பிளேட்னு தெரிஞ்சுபோச்சு. இதை அந்த மூணாவது, அடி வாங்கற மேகசின்ல மட்டும் பண்ணுங்க, வீட்டுக்கு வைக்கப் போறதுல வேணாம்.

8. ஜாம் ஆனா யார் குற்றவாளி

ஜாம் ஆனதும் பதட்டத்துல உடனே ஸ்லைடை இழுத்து தட்டிவிடாதீங்க. குழாயை டார்கெட் பக்கமே வச்சு, விரலை டிரிகர்லேர்ந்து எடுத்துட்டு, எப்படி நிக்குதுன்னு ஒரு பார்வை பாருங்க, முடிஞ்சா மேகசின் நம்பரோட குறிச்சுக்கங்க.

தோட்டா மூக்கு கீழ குத்திக்கிட்டு நிக்குதா, அது பெரும்பாலும் மேகசின் குத்தம், ஸ்பிரிங் வேகத்துக்கு ஈடு கொடுக்கல இல்ல ஃபாலோயர் சாயுது. ஸ்லைடு தோட்டாவோட பின்பக்கத்தைத் தாண்டி நடு உடம்புல மோதி நிக்குதா, அதுவும் ஸ்பிரிங்தான், தோட்டா மேல வர்றதுக்குள்ள ஸ்லைடு வந்துடுச்சு. ரெண்டு தோட்டா ஒண்ணா கிளம்பி சேம்பர் (குழாயோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற இடம்) வாயில நெருக்குதா, லிப்ஸ் விரிஞ்சிருக்கான்னு பாருங்க. காலி உறை மேல புகைக்குழாய் மாதிரி செங்குத்தா மாட்டி நின்னா அது பொதுவா மேகசின் இல்ல, உங்க பிடியோ, எக்ஸ்ட்ராக்டரோ (உறையை வெளிய இழுக்கற கொக்கி), பலம் குறைஞ்ச தோட்டாவோ. கடைசி ரவுண்டுக்கு அப்புறம் ஸ்லைடு பூட்டலைன்னா முதல்ல உங்க கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடை பின்னாடி பூட்டற நெம்பு) மேல உக்காந்திருக்கான்னு பாருங்க, பாதி கேஸ் அதுதான், அது இல்லன்னா மேகசின் ஸ்பிரிங்.

அதே நம்பர் மறுபடி சொதப்பினா மேகசின். எல்லா நம்பரும் சொதப்பினா துப்பாக்கியோ தோட்டாவோ. ரெண்டாவது நம்பர் மட்டும் ஹாலோ பாயிண்ட்ல மட்டும் சொதப்பினா அந்த ஜோடி ஒத்துவரல, பிராக்டிஸுக்கு வச்சுக்கங்க. லிப்ஸை பிளையர்ல வளைச்சு சரி பண்றது, ஃபாலோயரைத் தேய்க்கறது எல்லாம் வேணாம். 35 டாலர் பொருளுக்கு அவ்வளவு மெனக்கெடறதுல அர்த்தமே இல்ல. புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்க, அதுக்கும் மசியலன்னா மேல சிவப்பு டேப் ஒட்டி ரேஞ்ச் பையில போட்டுடுங்க. டேப் முக்கியம், இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு அதையே எடுத்து வீட்டு துப்பாக்கியில மாட்டுவீங்க.

9. எது துப்பாக்கியில, எது உதிரியா

எல்லா சுற்றையும் ஒரு ஜாம் கூட இல்லாம முடிச்சது மட்டும் துப்பாக்கிக்கு. எக்ஸ்டெண்டட் எதுவும் அப்படி முடிக்கலைன்னா துப்பாக்கியோட வந்த சாதாரண மேகசினையே மாட்டுங்க, எக்ஸ்டெண்டட் உதிரியா இருக்கட்டும். பணம் போட்டு வாங்கிட்டோமேன்னு சந்தேகமானதை மாட்டி வைக்கிறது தான் நான் பாக்கற பெரிய தப்பு.

எக்ஸ்டெண்டட், சாதாரணம் ரெண்டுமே தேறிடுச்சுன்னா கூட சின்ன கை இருக்கறவங்க வீட்ல யாராவது பயன்படுத்துவாங்களான்னு பாருங்க. கனமான மேகசின் மாட்டின துப்பாக்கியை அவங்க தூக்கி நேரா பிடிக்க முடியலைன்னா அந்த வீட்டுக்கு அது சரிப்படாது.

உதிரி மேகசினும் பூட்டுக்குள்ளதான். துப்பாக்கியை பாக்ஸ்ல வச்சுட்டு தோட்டா நிரப்பின மேகசினை டிராயர்ல விடறது பாதுகாப்பு இல்ல.

10. நிரப்பி வச்சதுக்கு அப்புறம்

நிரப்பியே வச்சா ஸ்பிரிங் செத்துடுமான்னு கேப்பாங்க. நல்ல ஸ்பிரிங் அதோட வரம்புக்குள்ள அழுந்தி இருக்கறதால பெருசா தேயறதில்ல, திரும்பத் திரும்ப அழுந்தி விரியறதுதான் தேய்க்குது. அதனால வீட்டு மேகசினை வாரம் ஒரு தடவை காலி பண்ணி ஓய்வு கொடுக்கறேன்னு சொல்றது ஸ்பிரிங்குக்கு நல்லதே இல்ல. குறிச்ச எண்ணுக்கு மேல ஒண்ணை அமுக்கித் திணிக்கறதுதான் கெடுதல், இடம் இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் திணிக்காதீங்க.

உள்ள எண்ணெய் போடாதீங்க. தூசியைப் பிடிக்கும், தோட்டா பிரைமர்லயும் (அடியில இருக்கிற, மருந்தைப் பத்த வைக்கிற பகுதி) இறங்கும். காஞ்ச துணி, ஒரு பிரஷ் போதும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டு மேகசினை ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போய் இருக்கற தோட்டாவையே சுட்டு முடிச்சு புதுசு நிரப்புங்க, மேல் தோட்டா அடிக்கடி சேம்பர்ல ஏறி இறங்கினதா இருந்தா முனை உள்ள அமுங்கியிருக்கான்னும் பாருங்க, நீளம் குறைஞ்ச தோட்டாவை சுடாதீங்க. ஸ்லைடு பூட்ட மறுக்க ஆரம்பிச்சா ஸ்பிரிங் மாத்தற நேரம், பத்து டாலர் சமாச்சாரம்.

வேலை மாறி ஸ்டேட் மாறறவங்க, டெக்சாஸ்லேர்ந்து நியூஜெர்சி, ஜார்ஜியாலேர்ந்து கலிஃபோர்னியா, பேக்கிங் தொடங்கறதுக்கு முன்னாடி மேகசின் லிஸ்ட் எடுங்க. மூவர்ஸ் பொட்டியில எங்கயோ ஒரு 17 ரவுண்டு மேகசின் கிடந்து எல்லை தாண்டினாலும் அது உங்க பேர்லதான். அங்க செல்லாததை கிளம்பற ஊர்லயே கடையில வித்துடுங்க, போற ஊருக்கு 10 ரவுண்டு வாங்கிக்கங்க, அதையும் ஆறாவது பகுதியிலேர்ந்து முதல்லேர்ந்து சோதிக்கணும்.